உண்ண மறுக்கும் பாலரும் காலை உணவும்

பாடசாலை மணி 7.30க்கு ஒலிக்கும். அதற்கு முன்னுள்ள ஒரு மணி நேரத்திலே நம் நாட்டின் எத்தனையோ இல்லங்களில் ஒரு சிறு போராட்டம் நிகழ்ந்து முடிகின்றது. ஒரு புறம் பிட்டுக் கோப்பையுடன் தாய்; மறு புறம் வாயை இறுக மூடிக்கொண்ட பிள்ளை. முதலில் கெஞ்சுதல், பின்னர் மிரட்டுதல், அதன் பின்னர் ஆசை காட்டுதல். ஈற்றில் இரண்டு பிஸ்கட்டும் அரைக் கோப்பைத் தேநீருமாகப் பிள்ளை படியிறங்கிப் போய்விடுகின்றது. "என்ரை பிள்ளை ஒன்றும் சாப்பிடுகிறானில்லை" என்ற ஏக்கத்துடன் தாய் அடுப்படிக்குத் திரும்புகின்றாள்.

இவ்வேக்கம் இயல்பானதே. ஆயினும், இரண்டு வயதிற்கும் ஆறு வயதிற்கும் இடைப்பட்ட பாலரின் உடலும் உள்ளமும் எவ்வாறு இயங்குகின்றன என்பதைச் சற்று அறிந்துகொண்டால், இப்போராட்டத்தின் பெரும் பகுதி தேவையற்றது என்பது விளங்கும். தட்டிலே எதை வைப்பது என்பது தாயின் பொறுப்பு. அதில் எவ்வளவை உண்பது என்பது பிள்ளையின் பொறுப்பு. இவ்விரண்டையும் ஒன்றோடொன்று குழப்புவதனாலேயே காலை வேளை போர்க்களமாகின்றது.

காலை உணவு ஏன் இன்றியமையாதது?

இரவு எட்டு மணிக்கு உண்ட பிள்ளை, காலை ஏழு மணிக்கு உண்ணும்போது பதினொரு மணி நேரம் வெறும் வயிற்றுடன் இருந்திருக்கின்றது. வளர்ந்தோர் இவ்விடைவெளியை எளிதிற் சமாளிப்பர். அவர்களது ஈரலிலே சேமித்து வைக்கப்படும் மாச்சத்து அதிகம். சிறு பிள்ளையின் ஈரலோ சிறிது. அதன் சேமிப்பும் சிறிது. மூளையின் தேவையோ பெரிது. ஐந்து வயதளவில், நாள் முழுவதும் பிள்ளையின் உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழப் பாதியை மூளை ஒன்றே எடுத்துக்கொள்கின்றது. இரவிலே வெறுமையான களஞ்சியத்தைக் காலையில் நிரப்பாவிட்டால், இடைவேளை மணி அடிக்கும் வரை பிள்ளை சோர்வுடனும் சிடுசிடுப்புடனும் அமர்ந்திருப்பதில் வியப்பில்லை.

பசி குறைவது நோயன்று

"ஒரு வயது வரை நன்றாகச் சாப்பிட்டவன், இப்போது தட்டைக் கண்டாலே ஓடுகின்றான்" என்பது தாய்மார் பலரின் முறைப்பாடு. இதற்கு இயற்கையே காரணம். பிறக்கும்போது 3 கிலோகிராம் நிறையுள்ள குழந்தை, முதலாவது பிறந்த நாளில் ஏறத்தாழ 9 கிலோகிராம் நிறையை எய்துகின்றது. ஓராண்டில் மும்மடங்கு! அதே பிள்ளை இரண்டு வயதிற்குப் பின்னர் ஆண்டொன்றிற்குச் சுமார் 2 கிலோகிராமே கூடுகின்றது. வளர்ச்சியின் வேகம் தணியும்போது பசியும் தணிகின்றது. இதனை உணராத தாய், பழைய அளவையே எதிர்பார்த்து மனம் வருந்துகின்றாள்.

இதே பருவத்தில் இன்னொரு மாற்றமும் நிகழ்கின்றது. பழக்கமில்லாத உணவைக் கண்டு அஞ்சும் குணம் இரண்டு வயதளவிலே தலைதூக்கி, ஆறு வயதளவிலே மெல்ல மறைகின்றது. தவழ்ந்த குழந்தை நடக்கத் தொடங்கி, கண்டதையும் எடுத்து வாயிலிடும் ஆபத்து நேரும் காலத்தில், அதனைக் காப்பதற்கென இயற்கை வைத்த வேலியே இவ்வச்சம் என்று அறிஞர் சிலர் கருதுவர். கசப்புச் சுவையைப் பாலர் வளர்ந்தோரிலும் கூடுதலாக உணர்வதும் உண்டு. ஆகவே, கீரையைத் தள்ளிவைக்கும் பிள்ளை பிடிவாதக்காரப் பிள்ளை அன்று. தன் வயதிற்குரிய பிள்ளையே.

எறும்பூரக் கல்லும் தேயும்

இவ்வச்சத்திற்கு மருந்து பழக்கமே. லீயன் பேர்ச் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 1982 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இதனை நன்கு விளக்குகின்றது. இரண்டு வயதுப் பாலருக்கு அவர்கள் முன்னறியாத பழங்களும் பாற்கட்டி வகைகளும் கொடுக்கப்பட்டன. சிலவற்றை அவர்கள் ஓரிரு தடவைகளே சுவைத்தனர். சிலவற்றை 20 தடவை வரை சுவைத்தனர். சுவைத்த தடவைகள் கூடக் கூட, அவ்வுணவின் மீது அவர்களுக்கிருந்த விருப்பமும் கூடிற்று.

நாம் செய்வதென்ன? இரண்டு நாள் கீரைப்பிட்டை வைத்துப் பார்க்கின்றோம். பிள்ளை துப்பிவிடுகின்றது. "இவனுக்குக் கீரை பிடிக்காது" என்று தீர்ப்பு வழங்கி, அதனைப் பிள்ளையின் காது கேட்கவே அயலாருக்கும் சொல்லிவிடுகின்றோம். பின்னர் பிள்ளையும் அத்தீர்ப்பைக் காப்பாற்றப் பாடுபடுகின்றது. பத்துப் பதினைந்து முறை, ஒரு தேக்கரண்டியளவு, வற்புறுத்தலின்றித் தட்டின் ஓரத்தில் வைத்து வருதலே தக்க வழி. எறும்பூரக் கல்லும் தேயும் என்ற முதுமொழி இங்கு முற்றும் பொருந்தும்.

ஆசை காட்டுவதும் பயன் தருவதில்லை. பேர்ச் அம்மையார் 1984 ஆம் ஆண்டில் வெளியிட்ட பிறிதோர் ஆய்விலே, ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு உண்டு என்று கூறப்பட்ட சிறாருக்கு, நாளடைவில் அப்பானத்தின் மீதிருந்த விருப்பம் குறைந்ததே காணப்பட்டது. "பிட்டைத் தின்றால் டொபி தருவேன்" என்று பேத்தியாரோ தாயோ கூறும்போது, பிட்டு ஒரு தண்டனை, டொபி ஒரு வெகுமதி என்றே பிள்ளை விளங்கிக்கொள்கின்றது. கைத்தொலைபேசியிலே படம் காட்டி, பிள்ளை அறியாமலே வாய்க்குள் ஊட்டி முடிக்கும் இக்கால வழக்கமும் இத்தகையதே. தன் வயிறு நிறைந்ததா இல்லையா என்பதைப் பிள்ளை உணரவும், உணவின் சுவையை அறியவும் அது இடமளிப்பதில்லை.

தாயின் பங்கும் பிள்ளையின் பங்கும்

உணவைப் பிள்ளையின் விருப்பத்திற்கே விட்டுவிட்டால் அது சீனியையும் இனிப்பையும் தவிர வேறெதையும் உண்ணாதே என்று சிலர் வினவலாம். இவ்வினாவிற்கு விடையளிக்கும் பழைய பரிசோதனை ஒன்றுண்டு. கிளாரா டேவிஸ் என்னும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர், தாய்ப்பால் மறந்த குழந்தைகளின் முன்னால் இறைச்சி, மீன், முட்டை, பால், தானியம், காய்கறி, பழம் முதலியவற்றைத் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்து, எதை வேண்டுமாயினும் எவ்வளவு வேண்டுமாயினும் உண்ண விட்டார். இதன் முதற் பெறுபேறுகள் 1928 ஆம் ஆண்டில் வெளியாயின. 15 குழந்தைகளைப் பற்றிய விளக்கத்தை 1939 ஆம் ஆண்டில் அளித்தார். குழந்தைகள் ஒரு நாள் ஒன்றையும், மறுநாள் வேறொன்றையும் விரும்பி உண்டனர்; எனினும் எல்லோரும் நன்கு வளர்ந்தனர். இதன் இரகசியம் உணவுப் பட்டியலிலேயே உள்ளது என்று டேவிஸ் அம்மையாரே கூறினார். அப்பட்டியலில் சீனியோ இனிப்புப் பண்டமோ இடம்பெறவில்லை. தெரிவு குழந்தைகளுடையது, பட்டியல் வளர்ந்தோருடையது.

எலின் சற்றர் என்னும் அமெரிக்க உணவியல் நிபுணர் 1980களில் இக்கருத்தை ஓர் எளிய விதியாக வகுத்தார். என்ன உணவு, எந்நேரம், எவ்விடம் என்பவற்றைப் பெற்றோர் தீர்மானித்தல் வேண்டும். உண்பதா இல்லையா, எவ்வளவு என்பவற்றைப் பிள்ளை தீர்மானித்தல் வேண்டும். இதனை நம் வீட்டு வழக்கிற் கூறுவதாயின், "என்ன வேண்டும்?" என்று கேளாதிருங்கள், "இடியப்பமா, பிட்டா?" என்று கேளுங்கள். இரண்டும் நீங்கள் தெரிந்தவை. எனினும், தானே தெரிந்தது என்ற பெருமை பிள்ளைக்கு உண்டாகும்.

அடுப்பு மூட்டுமுன்னே கெடும் பசி

காலை உணவு மறுக்கப்படுவதற்கான காரணம் பல வீடுகளில் உணவிலேயே இல்லை. எழுந்தவுடன் பிள்ளைக்கு ஒரு பெரிய கோப்பை பால்தேநீர் கொடுக்கப்படுகின்றது. கூடவே இரண்டு பிஸ்கட். அரை மணி நேரத்தின் பின்னர் இடியப்பம் வரும்போது அச்சிறு வயிற்றில் இடமேது? மேலும், தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கின்றது. பாலருக்குத் தேநீர் வேண்டுவதில்லை. எழுந்தவுடன் சிறிது நீர் அருந்தக் கொடுத்து, பாலை உணவின் பின்னர் கொடுப்பது நன்று. பால் நல்லுணவே; ஆயினும் நாளொன்றிற்கு அரை லீற்றருக்கு மேற்பட்டால் ஏனைய உணவிற்கான பசியை அது கெடுத்துவிடும்.

இரவு உணவு ஒன்பது, பத்து மணிக்கு நீளும் வீடுகளிலும் காலைப் பசி தோன்றாது. பாலருக்கு ஏழு மணியளவில் உணவளித்து நேரத்துடன் உறங்கச் செய்தால், மறுநாட் காலை பசி தானே வந்து எழுப்பும்.

தட்டிலே மூவகை உணவு

சக்தி தரும் உணவு, வளர்ச்சி தரும் உணவு, பாதுகாப்பு உணவு என்று உணவை மூவகையாகப் பிரிப்பர். பாணும் சீனியும், வெறும் இடியப்பமும் சம்பலும் முதலாம் வகையை மட்டுமே பெரிதும் தருவன. அவற்றுடன் முட்டை, பருப்பு, பயறு, மீன், பால் என்பவற்றுள் ஒன்றும், பழம் அல்லது கீரை ஒன்றும் சேர்ந்துவிட்டால் காலை உணவு நிறைவெய்தும்.

இதற்கு விலையுயர்ந்த ரின் மாக்கள் தேவையில்லை. பால்மாவிற்காக மக்கள் நீண்ட வரிசைகளில் நின்ற 2021, 2022 ஆம் ஆண்டுகளை நாம் மறந்திருக்க முடியாது. நம் மண்ணில் விளைவனவற்றின் அருமையை அக்காலம் பல குடும்பங்களுக்கு உணர்த்திற்று. 100 கிராம் அரிசியிலே சுமார் 7 கிராம் புரதமே உண்டு. அதே நிறையுள்ள பயற்றிலும் உழுந்திலும் சுமார் 24 கிராம் உண்டு. அரிசியிற் குறைவான அமினோ அமிலத்தைப் பருப்பு வகை ஈடுசெய்கின்றது. பருப்பிற் குறைவானதை அரிசி ஈடுசெய்கின்றது. உழுந்தும் அரிசியும் சேர்ந்த தோசை வெறும் சுவைக்காக மட்டும் ஏற்பட்டதன்று. 100 கிராம் குரக்கனிலே ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து அடங்கியுள்ளது. அதன் முழுப் பங்கும் உடலிற் சேர்வதில்லையெனினும், அரிசியுடன் ஒப்பிடுகையில் குரக்கன் பெருஞ் செல்வமே. ஒரு கோழி முட்டையிலே சுமார் 6 கிராம் உயர்ந்த புரதம் உண்டு.

பாலர் விரும்பும் சில பக்குவங்கள்

பாலர் பெரும்பாலும் சுவையைவிட உருவத்தையும் பதத்தையுமே முதலில் நோக்குகின்றனர். கட்டியானதும், நார் உள்ளதும், உறைப்பானதும் அவர்களுக்கு ஒவ்வாதன. அதனை மனத்திற் கொண்டு பின்வருவனவற்றைச் செய்து பார்க்கலாம். இங்கு சுண்டு என்பது வழக்கமான ரின்பால் பேணியின் அளவாகும்.

முருங்கையிலைப் பிட்டு: வறுத்த சிவப்பரிசிமா ஒரு சுண்டு, குரக்கன்மா அரைச் சுண்டு ஆகியவற்றை உப்புடன் கலந்து, கொதிநீரைச் சிறிது சிறிதாக விட்டு அகப்பைக் காம்பினாற் கிளறி, சிறு மணிகளாகக் கொத்திக்கொள்க. ஒரு கைப்பிடி முருங்கையிலையைக் காம்பின்றி ஆய்ந்து, மிகப் பொடியாக அரிந்து, அரைச் சுண்டு தேங்காய்ப்பூவுடன் மாவிற் சேர்த்து நீத்துப்பெட்டியில் அவிக்கவும். முருங்கையிலையிலுள்ள ஏ உயிர்ச்சத்து உடலிற் சேரத் தேங்காயின் கொழுப்பு துணை செய்யும். முதல் வாரம் இலை மிகச் சிறிதாக இருக்கட்டும். பின்னர் அளவைக் கூட்டலாம். கீரை இருப்பதை ஒளிக்க வேண்டியதில்லை. ஒளித்து ஊட்டிய உணவு உடலை வளர்க்குமேயன்றி, அதனை விரும்பும் பழக்கத்தை வளர்க்காது.

பருப்புச் சொதியும் இடியப்பமும்: இடியப்பத்தை வெறுக்கும் பிள்ளை நம் நாட்டில் அரிது. எனவே மாற்றத்தைச் சொதியிலே செய்க. இரண்டு மேசைக்கரண்டி மைசூர்ப் பருப்பை நன்கு அவித்து மசித்து, மஞ்சள், உப்பு, சின்ன வெங்காயம், ஒரு தக்காளிப்பழம் என்பவற்றுடன் தேங்காய்ப் பாலிற் கலந்து காய்ச்சவும். கொதிக்கும்போது ஒரு முட்டையை உடைத்து விட்டு நன்கு வேகவிடலாம். பச்சை மிளகாயைப் பெரியோருக்கெனப் பின்னர் சேர்க்கலாம். இறக்கிய பின்னரே தேசிக்காய்ப் புளி விடுக. தேசிக்காயிலுள்ள சீ உயிர்ச்சத்து, பருப்பிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கச் செய்யும்.

குரக்கன் வாழைப்பழ ரொட்டி: குரக்கன்மாவும் கோதுமைமாவும் அரை அரைச் சுண்டு எடுத்து, நன்கு கனிந்த வாழைப்பழம் இரண்டை மசித்துச் சேர்த்து, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூவும் ஒரு சிட்டிகை உப்பும் இட்டுப் பிசைக. பிள்ளையின் உள்ளங்கையளவு மெல்லிய ரொட்டிகளாகத் தட்டித் தோசைக்கல்லில் இளந்தீயிற் சுடவும். பழத்தின் இனிப்பே போதும்; சீனி வேண்டா.

உழுத்தம்மாக் களி: வறுத்து இடித்த உழுத்தம்மா அரைச் சுண்டு, வறுத்த அரிசிமா காற்சுண்டு ஆகியவற்றை இரண்டு சுண்டுக்குச் சற்றுக் கூடுதலான தேங்காய்ப் பாலிற் கட்டியின்றிக் கரைத்து, சிறிது பனங்கட்டியுடன் இளந்தீயிற் கிண்டுக. திரண்டு வரும்போது ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் சேர்த்து இறக்கவும். பூப்படைந்த பெண்களுக்கென நம் முன்னோர் வகுத்த இவ்வுணவு, சிறு உருண்டைகளாகப் பாலருக்கும் ஏற்றது.

முட்டையில் தோய்த்த பாண்: அவசரமான காலைகளுக்கு இது கைகொடுக்கும். ஒரு முட்டையை இரண்டு மேசைக்கரண்டி பாலுடன் அடித்து, இரண்டு பாண் துண்டுகளை அதில் தோய்த்துச் சிறிது எண்ணெயில் இரு புறமும் வாட்டி, விரலளவு நீளத் துண்டுகளாக வெட்டிக் கொடுக்கவும். பக்கத்திலே ஒரு துண்டு பப்பாசிப்பழமோ கொய்யாப்பழமோ இருக்கட்டும்.

அவித்த பயறு: முதல் நாளிரவே ஊறவிட்ட பயற்றைக் குழைய அவித்துத் தேங்காய்ப்பூவும் சிறிது சர்க்கரையும் சேர்க்கவும். முழுப் பயற்றை விரும்பாத பிள்ளைக்கு மசித்து உருண்டையாக்கிக் கொடுக்கலாம். முழுக் கச்சானை மட்டும் ஐந்து வயதிற்குட்பட்ட பாலருக்குக் கொடுத்தலாகாது. மூச்சுக் குழாயில் அடைத்து உயிராபத்தை விளைவிக்கும். அரைத்த கச்சானுக்கு அவ்வாபத்து இல்லை.

எதைச் சமைப்பினும், பிள்ளையின் தட்டில் முதலிற் சிறிதளவே வைக்க வேண்டும். ஓர் இடியப்பத்தை முடித்த பிள்ளை இரண்டாவதைக் கேட்பது மகிழ்ச்சி. ஐந்து இடியப்பங்களைக் கண்டு மலைத்த பிள்ளை ஒன்றையும் தொடாது. தாயோ தந்தையோ கூட அமர்ந்து அதே உணவை உண்பது எந்த உபதேசத்திலும் மேலானது. இடியப்ப உரலில் மாவை இடவும், வாழைப்பழத்தை மசிக்கவும் பிள்ளையை விடுங்கள். தன் கையால் ஆக்கியதை உண்ணாத பிள்ளை குறைவு. இருபது, முப்பது நிமிடத்தில் தட்டை அமைதியாக எடுத்துவிடலாம். கோபமும் வேண்டா, அதற்குப் பதிலாக பிஸ்கட்டும் வேண்டா. அடுத்த வேளை வரும்போது பசியும் வரும்.

எப்போது மருத்துவரை நாடுவது?

பிள்ளை பிறந்தபோது வழங்கப்பட்ட சுகாதாரப் பதிவேட்டிலே நிறைக் கோடு வரையப்பட்டிருக்கும். அக்கோடு பிள்ளையின் வயதிற்கேற்பச் சீராக மேலேறுமாயின், நேற்று அரை இடியப்பந்தானே உண்டான் என்று கலங்க வேண்டியதில்லை. கோடு கிடையாகச் சென்றாலோ, கீழே வளைந்தாலோ, பிள்ளை வெளிறிச் சோர்ந்திருந்தாலோ, விழுங்கும்போது இடர்ப்பட்டாலோ, ஒரு சில உணவுகளைத் தவிர எல்லாவற்றையும் முற்றாக ஒதுக்கினாலோ குடும்ப நல மாதுவிடமோ மருத்துவரிடமோ தாமதியாது காட்ட வேண்டும். இரத்தச்சோகை, குடற்புழு, மலச்சிக்கல் ஆகியனவும் பசியைக் கெடுப்பன. அவற்றிற்குச் சிகிச்சை உண்டு. கிளினிக்கிலே நிறை குறைந்த பிள்ளைக்கென வழங்கப்படும் திரிபோஷ மா அப்பிள்ளைக்கே உரியது. வீட்டார் அனைவரும் அதனைப் பகிர்ந்துகொண்டால் வேண்டிய பிள்ளைக்கு வேண்டிய அளவு கிட்டாது.

தாய்மாரே, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயல வேண்டா. இவ்வாரம் எழுந்தவுடன் கொடுக்கும் தேநீரை நிறுத்துங்கள். அடுத்த வாரம் சொதியிலே பருப்பைச் சேருங்கள். அதற்கடுத்த வாரம் பிட்டிலே நாலு முருங்கையிலை விழட்டும். பிள்ளை மறுத்தால், மறுத்ததாகவே இருக்கட்டும். மூன்று நாள் கழித்து மீண்டும் வையுங்கள். இன்று எத்தனை கவளம் உள்ளே சென்றது என்பதை எண்ணுவதைக் காட்டிலும், உணவு வேளையை அஞ்சாத ஒரு பிள்ளையை வளர்ப்பதே மேல். அப்பழக்கம் பாலப் பருவத்துடன் நின்றுவிடாது, அவன் தன் பிள்ளைக்கு உணவூட்டும் காலத்திலும் கூடவே இருக்கும்.